கடன்பட்டவர் யார்?
செங்கற்பட்டுச் சீமையின் அடிமைச் சீட்டு வரலாறு

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், இத்தகைய விழாவைக் குறிக்க ஆங்கிலத்தார் வழங்கும் 'ஜூபிலி' என்னும் சொல்லின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்துகொள்வது நல்லது. அச்சொல் எபிரேய மொழியிலிருந்து வந்தது. பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 25ஆம் அதிகாரம் ஐம்பதாம் ஆண்டை 'யூபிலி வருஷம்' என்று கூறுகிறது. அவ்வாண்டில் நாடெங்கும் எக்காளம் ஊத வேண்டும். வறுமையால் கைமாறிய நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். வறுமையால் தன்னையே விற்றுக்கொண்டவன் தன் பிள்ளைகளோடு விடுபட்டுத் தன் முன்னோரின் காணிக்குத் திரும்ப வேண்டும். ஆக, ஜூபிலி என்பது தொடக்கத்தில் வாழ்த்துரையும் பொன்னாடையும் கொண்ட விழா அன்று. கடனால் அடிமைப்பட்டவர்கள் வீடு திரும்பும் ஆண்டு. அந்த விடுதலை இஸ்ரவேலருக்கு மட்டுமே உரியது என்றும், அயல் இனத்தாரை என்றென்றைக்கும் அடிமையாக வைத்துக்கொள்ளலாம் என்றும் அதே அதிகாரம் கூறுவதையும் மறைக்க வேண்டுவதில்லை. விடுதலை எழுதப்படும் ஏட்டிலேயே அது யாருக்கு இல்லை என்பதும் எழுதப்பட்டிருப்பதை நம்மவர் பலமுறை கண்டிருக்கின்றனர்.

இவ்வழக்கத்தையும், இதற்கு முற்பட்ட பல வழக்கங்களையும் தொகுத்து ஆராய்ந்தவர் டேவிட் கிரேபர் என்னும் மானிடவியல் அறிஞர். அவர் 1961இல் நியூயார்க் நகரில் தொழிலாளர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். மடகாஸ்கர் தீவில் களஆய்வு செய்தார். இலண்டன் பொருளாதாரக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து, 2020 செப்டம்பரில் மறைந்தார். 2011இல் வெளிவந்த 'கடன்: முதல் ஐயாயிரம் ஆண்டுகள்' என்ற நூலும், அவர் மறைவுக்குப் பின் 2021இல் வெளிவந்த, தொல்லியல் அறிஞர் டேவிட் வெங்ரோவுடன் சேர்ந்து எழுதிய 'எல்லாவற்றின் விடியல்' என்ற நூலும் உலகின் பல மொழிகளில் வாசிக்கப்பட்டுள்ளன. நம்மவரில் பலர் அவற்றைக் கண்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் அந்நூல்கள் எழுப்பும் கேள்வி நம் பாட்டன்மாரின் கேள்விதான்.

'வாங்கிய கடனைத் திருப்பித் தரத்தானே வேண்டும்?' இவ்வாக்கியத்தை எவரும் மறுப்பதில்லை. கிரேபர் தம் நூலை இவ்வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறார். இது பொருளாதார உண்மை அன்று, ஓர் ஒழுக்கக் கூற்று என்பது அவர் வாதம். வலியவன் எளியவனை அடித்துப் பணிய வைத்தால் அது வன்முறை என்று கண்டோர் அனைவரும் கூறுவர். அதே பணிவைக் 'கடன்' என்ற பெயரில் எழுதி வைத்துவிட்டால், தவறு செய்தவன் எளியவனாகிவிடுகிறான். வாக்குத் தவறியவன், நன்றி கெட்டவன் என்னும் பழி அவன்மேல் விழுகிறது. அடித்தவன் பொறுமையுள்ள கடன்காரனாகக் காட்சி தருகிறான்.

மடகாஸ்கரை 1895இல் பிரான்சு படையெடுத்துப் பிடித்தது. பிடித்தபின், அப்படையெடுப்பின் செலவை அத்தீவு மக்களே ஈடுசெய்ய வேண்டும் என்று தலைவரி விதித்தது. தம்மை அடிமைப்படுத்தியதற்கான செலவுக்குத் தாமே கடன்பட்டவர் ஆயினர் அம்மக்கள். மேலைநாட்டுப் பழைய வரலாற்றில் வேறொரு பக்கமும் உண்டு. சுமேரிய மொழியில் விடுதலையைக் குறிக்கும் 'அமர்கி' என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் 'தாயிடம் திரும்புதல்'. கடனுக்கு ஈடாகப் பிடிக்கப்பட்ட பிள்ளைகள், மன்னன் கடன்களை நீக்கி ஆணையிட்டதும் தாய் வீட்டுக்குத் திரும்பினர். அதனால் அச்சொல் பிறந்தது. அமுராபி மன்னனின் சட்டம், கடனுக்காக விற்கப்பட்ட மனைவி மக்கள் மூன்றாண்டு உழைத்தபின் நான்காம் ஆண்டில் விடுவிக்கப்பட வேண்டும் என்றது. ஏதென்சில் கி.மு. 594 அளவில் சோலோன் கடன்சுமையை நீக்கி, உடலை ஈடுவைத்துக் கடன் வாங்குவதையே தடுத்தார். கடனை நீக்கினால் உலகம் கவிழ்ந்துவிடும் என்று கூறுவோர்க்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை என்பதற்கு இவை போதும்.

கிரேபர் சாதியைப் பற்றி விரிவாக ஆராயவில்லை. கடன் ஒரு தலைமுறையைப் பிடிக்கும். சாதி அப்பிடியைப் பிறப்போடு சேர்த்து முடிச்சுப் போடும். அந்த முடிச்சை நம் நாட்டு ஏடுகளிலிருந்து நாமேதான் பார்க்க வேண்டும்.

தமிழில் கடன்

தமிழில் 'கடன்' என்ற சொல் திருப்பித் தரவேண்டிய பொருளையும் குறிக்கும். செய்தே தீரவேண்டிய செயலையும் குறிக்கும். பழைய இலக்கியங்களில் இரண்டாம் பொருளே மிகுதி. அதன் உறவான 'கடமை' என்பதைச் சோழர் காலக் கல்வெட்டுகளில் படித்தால், நிலத்துக்குச் செலுத்தவேண்டிய வரி என்ற பொருளில் வருகிறது. அரசனுக்குச் செலுத்தும் வரி பின்னாளில் மனிதன் ஆற்ற வேண்டிய நல்லறத்தின் பெயராயிற்று. செருமானிய மொழியிலும் கடனுக்கும் குற்றத்துக்கும் ஒரே சொல் வழங்குவதை அறிஞர்கள் எடுத்துக்காட்டுவர்.

சோழ நாட்டில் மனிதர் விற்கப்பட்டதற்குக் கல்வெட்டுச் சான்றுகள் பல உண்டு. அவற்றுள் ஒன்றை நம் இளைஞர்கள் தவறாமல் அறிய வேண்டும். மூன்றாம் குலோத்துங்கனின் ஆட்சியில், கி.பி. 1201இல், தஞ்சைப் பகுதியிலுள்ள திருப்பாம்புரத்தில், பஞ்சத்தால் வாடிய வேளாளர் ஒருவர் தம் இரு பெண்மக்களோடு தம்மையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டார். விற்றுக்கொண்டவர் வேளாளர் என்பதைக் கவனிக்க. பசியும் கடனும் வந்தால் எக்குலத்தாரும் அடிமைப்பட நேர்ந்தது. அடிமைத்தனம் இன்னாருக்கே இயல்பு என்ற கூற்று பிற்காலத்தில் உறுதிப்பட்ட ஒன்று.

சேக்கிழார் பெரிய புராணத்தில் சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட வரலாறு யாவரும் கேட்டதே. பக்தியை ஒருபுறம் வைத்து, அதனை ஒரு வழக்காகப் படித்துப் பாருங்கள். மணப்பந்தலுக்கு ஒரு முதியவர் வருகிறார். 'உன் பாட்டன் எழுதித் தந்த ஆளோலை என்னிடம் உள்ளது. நீ எனக்கு அடிமை' என்கிறார். அந்தணர் அந்தணர்க்கு அடிமையாவது எங்கும் இல்லாத வழக்கு என்று சுந்தரர் மறுக்கிறார். முதியவரின் கையிலிருந்த ஓலையைப் பறித்துக் கிழித்தும் விடுகிறார். கிழிந்தது படி ஓலை. மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது. அங்கே அவையோர் பாட்டனின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து, ஓலை செல்லும் என்று தீர்ப்பளிக்கின்றனர்.

சேக்கிழார் வாழ்ந்த பன்னிரண்டாம் நூற்றாண்டில், பாட்டன் எழுதிய சீட்டு பேரனைக் கட்டும் என்பதை அவை ஏற்றுக்கொள்வது இயல்பாகவே பேசப்படுகிறது. சுந்தரர் எழுப்பிய ஆட்சேபமும் அடிமை முறையைப் பற்றியது அன்று. தம் குலத்தைப் பற்றியது. ஏனைய குலத்தாருக்கு அது வழக்குத்தான் என்பது அதில் அடங்கியிருக்கிறது.

நந்தனார் வரலாற்றிலும் ஒரு மாற்றம் குறிக்கத்தக்கது. சேக்கிழார் பாடிய நந்தனாருக்குப் பண்ணையார் எவரும் இல்லை. தில்லைக்குப் போக விடை தராமல் தடுக்கும் வேதியரை நாம் காண்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய சரித்திரக் கீர்த்தனையில்தான். ஆண்டையின் உத்தரவின்றி ஊரை விட்டு நகர முடியாத பண்ணையாள் அக்காலத்துக் கேட்போர்க்கு நன்கு தெரிந்த உருவம். ஆகவே பாரதியார் அவ்வுருவத்தைக் கதைக்குள் கொண்டுவந்தார் எனலாம்.

நவாபின் கடனும் படியாளின் கடனும்

இனி நம் மண்ணுக்கு வருவோம். இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கும் நம் பென்னலூரும் ஸ்ரீபெரும்புதூர் வட்டமும் முன்னாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அம்மாவட்டம் ஆங்கிலேயர் கைக்கு வந்த கதையே ஒரு கடன் கதை. ஆர்க்காட்டு நவாபு முகமது அலி, கம்பெனியார் தமக்குச் செய்த படை உதவிக்கு ஈடாக 1763இல் இப்பகுதியை அவர்களுக்கு ஜாகீராக அளித்தார். அளித்த நிலத்தையே குத்தகைக்கு எடுத்து 1780 வரை வரி தண்டினார். போர்ச் செலவுக்கும் ஆடம்பரத்துக்கும் சென்னையிலிருந்த கம்பெனி ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் பெருவட்டிக்குக் கடன் வாங்கினார். ஈடாகத் தம் சீமைகளின் வரி வருவாயை எழுதிக் கொடுத்தார். பால் பென்பீல்டு முதலியோர் இதனால் பெருஞ்செல்வராயினர். 1780இல் ஐதர் அலியின் படையெடுப்பும் பொள்ளிலூர்ப் போரும் வந்து இச்சீமையின் ஊர்கள் பாழ்பட்டன. அந்நிலையிலும், கருநாடக வருவாயிலிருந்து ஆண்டுதோறும் 12 இலட்சம் வராகன் நவாபின் கடன்காரர்களுக்குச் செல்ல வேண்டும் என்று 1784இல் இலண்டனில் முடிவாயிற்று. கடன் உண்மையா பொய்யா என்ற விசாரணைகூட இல்லை. எட்மண்டு பர்க்கு 1785 பிப்ரவரி 28இல் பாராளுமன்றத்தில் ஆற்றிய நீண்ட உரை இந்த அநியாயத்தைப் பற்றியதே.

பின்னர் 1801இல் கருநாடகம் முழுவதும் கம்பெனி வசமாயிற்று. நவாபின் மீது எஞ்சியிருந்த கடன்களை ஆராய 1805இல் ஆணையர்கள் அமர்த்தப்பட்டனர். அவர்கள் பல ஆண்டுகள் விசாரித்து, பெரும்பகுதியைப் பொய்க்கடன் என்று தள்ளினர். நவாபின் கடனைப் பார்க்கப் பாராளுமன்றம் இருந்தது, ஆணையம் இருந்தது, தள்ளுபடி இருந்தது. அதே காலத்தில் அதே சீமையில் நெல் விளைவித்துக் கொடுத்த மக்களின் கடனைப் பார்க்க எவரும் இல்லை. சமமானவர்களுக்கு இடையே கடன் பேசித் தீர்க்கப்படும். சமமில்லாதவர் மேல் அது சாத்திரம் ஆகிவிடும் என்று கிரேபர் கூறுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் அவருக்குக் கிடைத்திருக்காது.

செங்கற்பட்டுச் சீமையில் நிலம் மிராசுதார்களின் கையில் இருந்தது. உழுவோரில் பெரும்பாலோர் பறையர் என அக்காலக் குறிப்புகள் கூறும் நம் முன்னோர். நிலமற்ற உழவர் கூட்டத்தை ஆங்கிலேய ஆட்சிதான் உருவாக்கியது என்று ஒருகாலத்தில் பேசப்பட்டது. தர்மா குமார் 1965இல் வெளியிட்ட 'தென்னிந்தியாவில் நிலமும் சாதியும்' என்ற நூல், அவ்வாட்சி வருமுன்பே அத்தகையோர் பெருந்தொகையினராக இருந்தனர் என்றும், சாதியே அவர்களை நிலத்தினின்று விலக்கி வைத்திருந்தது என்றும் நிறுவியது. ஆங்கிலேயர் செய்தது என்ன? 1843ஆம் ஆண்டு ஐந்தாம் சட்டத்தால், அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்றனர். 1862இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தால் அடிமை வாணிகத்தைக் குற்றமாக்கினர். அடிமை என்ற சொல் போயிற்று. அந்த இடத்தில் முன்பணமும் சீட்டும் நின்றன. போதாக்குறைக்கு, முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டு நீங்கினால் அவனைச் சிறையில் இடலாம் என்று 1859ஆம் ஆண்டு பதின்மூன்றாம் சட்டம் வகை செய்தது. தொடக்கத்தில் தலைநகரங்களுக்கென வந்த அச்சட்டம் 1925இல்தான் நீக்கப்பட்டது.

படியாள் என்போர் யார்? நாள்தோறும் படியளந்து கூலி பெறுவோர். திருமணத்துக்கோ இழவுக்கோ பஞ்ச காலத்து உணவுக்கோ ஒரு சிறு தொகையை ஆண்டையிடம் வாங்கி, அது தீரும்வரை அவர் நிலத்தில் மட்டுமே உழைப்பதாகச் சீட்டு எழுதிக் கைந்நாட்டு வைப்பர். உழைப்பு வட்டிக்குச் சரியாகிவிடும். முதல் அப்படியே நிற்கும். தந்தை மறைந்தால் மகன்.

இதனைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். இது எந்த ஏட்டிலும் உள்ள கணக்கன்று. விளங்குவதற்காக நாமே வைத்துக்கொள்வது. ஒருவர் 20 ரூபாய் வாங்கினார் என்க. ரூபாய்க்கு 16 அணாவாக அது 320 அணா. வெளியாள் பெறும் கூலியைவிடப் படியாளுக்கு நாளொன்றுக்கு ஓர் அணா குறைவாக அளக்கப்பட்டது என்றால், 320 வேலை நாளில் முதல் முழுவதும் அடைந்துவிடும். தாராளமாக வட்டி சேர்த்தாலும் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் கணக்கு நேராகிவிடும். மூன்றாம் ஆண்டு முதல், குறைத்து அளந்த கூலி முழுவதும் ஆண்டை படியாளுக்குத் தரவேண்டிய கடன். முப்பது ஆண்டு, இரண்டு தலைமுறை என்று கூட்டிப் பார்த்தால் கடன்பட்டவர் யார் என்பது தெரியவரும். இக்கணக்கைப் போட நான்காம் வகுப்புப் படிப்புப் போதும். அந்த நான்காம் வகுப்பு அவர்களுக்குக் கிடைக்காமல் இருந்தது தற்செயல் அன்று.

1891

செங்கற்பட்டு ஆட்சியராகப் பொறுப்பு வகித்த டிரெமன்ஹீர் என்பவர் 1891 அக்டோபரில் 'செங்கற்பட்டுப் பறையர் பற்றிய குறிப்பு' ஒன்றை அரசுக்கு அளித்தார். அதற்கு முன்பே செங்கற்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூரில் வில்லியம் கௌடி ஆகிய பாதிரிமார் இம்மக்களின் நிலையைக் கண்டு எழுதியும் பேசியும் வந்தனர். டிரெமன்ஹீர் படியாள் முறையை விவரித்தார். அதைவிட முக்கியமாக, கடன் எதன்மேல் நிற்கிறது என்பதையும் காட்டினார். சேரி மக்கள் குடியிருந்த மனை அவர்களுடையது அன்று. மிராசுதார்கள் அதற்கு உரிமை கொண்டாடினர். ஆகவே, சீட்டு சட்டத்தில் செல்லாது என்று ஒருவர் அறிந்திருந்தாலும் பயனில்லை. மறுத்துப் பேசினால் மறுநாள் குடிசை இராது. அரசுத் தரிசு நிலத்துக்குத் தரக்காஸ்து மனுச் செய்யலாமே எனின், அதிலும் மிராசுதாருக்கே முன்னுரிமை. கடன், மனை, நிலம் என்னும் மூன்று கயிறுகளும் ஒன்றாகத் திரிக்கப்பட்டிருந்தன. ஆகவே அவர் நிலமும் மனையும் பள்ளியும் சேர்த்தே தரவேண்டும் என்றார்.

அதே 1891ஆம் ஆண்டு ஏப்ரலில் அண்ணல் அம்பேத்கர் பிறந்தார். அதே ஆண்டு டிசம்பர் முதல் நாளில் பண்டித அயோத்திதாசர் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைக் கூட்டித் தீர்மானங்கள் நிறைவேற்றினார். இச்சீமையிலேயே கோழியாளம் என்ற சிற்றூரில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். நம் விடுதலையை ஓர் ஆங்கிலேய அதிகாரியின் கருணையாக மட்டும் எழுதும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது பாதி வரலாறு. கேட்டவர்கள் இருந்தனர்.

அரசு டிரெமன்ஹீரின் குறிப்பை மகிழ்ச்சியோடு ஏற்கவில்லை. இங்கு நடப்பது அடிமைமுறை அன்று, இருதரப்புக்கும் இணக்கமான பழைய உறவு என்று கூறும் போக்கு அதிகாரிகளிடையே வலுவாக இருந்ததை ரூபா விசுவநாத் என்ற வரலாற்றறிஞர் 2014இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். எனினும் 1892 செப்டம்பர் 30ஆம் நாளிட்ட 1010ஆம் எண் அரசாணை, ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒதுக்க வழிவகுத்தது. இன்று பஞ்சமி நிலம் என்றும் டி.சி. நிலம் என்றும் வழங்குவது இதன் வழிவந்ததே. இந்நிலத்தைப் பத்தாண்டுக்குள் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே தரலாம் என்பது விதி. அந்த விதியின் நுட்பத்தை உணர வேண்டும். பணம் கொடுத்தவன் நிலத்தைப் பிடிக்க முடியாதபடி, கடனுக்கும் நிலத்துக்கும் இடையே சட்டம் ஒரு சுவர் எழுப்பியது. அப்படியிருந்தும் அந்நிலங்களில் பெரும்பகுதி கைமாறிற்று. ஒரு மூட்டை நெல்லுக்கும் ஒரு மருத்துவச் செலவுக்கும் வெற்றுத்தாளில் வைத்த கைந்நாட்டு அச்சுவரில் துளையிட்டது.

காரணை ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி 1994 அக்டோபர் 10இல் செங்கற்பட்டில் மக்கள் திரண்டபோது காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர் துறந்தனர். அவர்கள் கேட்டது புதிய நிலம் அன்று. நூறு ஆண்டுக்கு முன் அரசே ஒதுக்கிய நிலம்.

மனை உரிமையின் கதையும் நீண்டதே. 1920 முதல் தொழிலாளர் ஆணையர் வழியாக மனைகள் வாங்கித் தரப்பட்டன. அதற்கும் விலையைத் தவணையாகச் செலுத்த வேண்டியிருந்தது. தலைமுறைகளாகக் குடியிருந்த மண்ணுக்கு அம்மக்கள் மீண்டும் கடனாளி ஆயினர் என்பது கசப்பான வேடிக்கை. பிறர் நிலத்தில் குடியிருந்த உழவர்க்கும் உழவுத் தொழிலாளர்க்கும் மனையைச் சொந்தமாக்கும் குடியிருப்புச் சட்டம் தமிழ்நாட்டில் 1971இல் வந்தது. டிரெமன்ஹீர் எழுதி எண்பது ஆண்டுகள் கழித்து!

நீங்கிச் செல்லும் உரிமை

'எல்லாவற்றின் விடியல்' என்ற நூலில் கிரேபரும் வெங்ரோவும், வேளாண்மையும் நகரமும் வந்தால் ஏற்றத்தாழ்வும் வந்தே தீரும் என்ற பழைய பாடத்தை மறுக்கின்றனர். அரண்மனையின் சுவடு காணப்படாத மொகஞ்சதாரோ போன்ற பெருநகரங்களை எடுத்துக்காட்டுகின்றனர். அவர்கள் முடிவுகள் அனைத்தையும் எல்லா அறிஞரும் ஏற்கவில்லை. ஆயினும் மனிதனின் அடிப்படைச் சுதந்திரங்கள் மூன்று என அவர்கள் வகுப்பது நமக்குப் பயன்படும். ஓரிடத்தை விட்டு நீங்கிச் செல்லுதல், ஏவியதை மறுத்தல், சமூக உறவுகளைப் புதிதாக அமைத்தல் என்பன அவை. முதலாவது இல்லாதவனுக்கு இரண்டாவது இல்லை. போக ஓர் இடம் இருப்பவன்தான் முடியாது என்று சொல்ல முடியும்.

நம் முன்னோர் இதனை நூலில் படித்து அறியவில்லை. சென்னைத் துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும், கோலார் சுரங்கத்துக்கும், பர்மா, இலங்கை, நேட்டால் எனக் கடல் கடந்தும் அவர்கள் போனது இதற்காகவே. போன இடமும் ஒப்பந்தச் சீட்டோடுதான் காத்திருந்தது என்பது வேறு செய்தி. ஆயினும் ஊரில் எஞ்சியவர்களின் குரல் உயர்ந்ததற்கு ஊரை விட்டுப் போனவர்கள் அனுப்பிய பணமும் ஒரு காரணம்.

இப்போது தொழிற்சாலை நம் ஊருக்கே வந்திருக்கிறது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது முதல், ஒரகடம் வரை ஏரிக்கரையும் மேய்ச்சல் நிலமும் மதிற்சுவர்களாகிவிட்டன. அண்டையர் சிலர் நிலம் விற்றுப் பணம் கண்டனர். நிலமே இல்லாத நம்மவர்க்கு விற்க ஒன்றும் இல்லை. எனினும் படியளக்கும் ஆண்டையின் வாசலில் நிற்க வேண்டியதில்லை என்ற நிலையைத் தொழிற்சாலைக் கூலி தந்தது. இதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. அக்கூலி ஒப்பந்தக்காரரின் வழியாக வருவதும், 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூரின் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது இளைஞரும் இளம்பெண்களுமாக ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்ததும் அதன் மறுபக்கம்.

வேலை நின்றாலும் தவணை நிற்பதில்லை. இன்று நம் தெருக்களில் மகளிர் குழுக்களுக்கு வாரத் தவணையில் கடன் கொடுக்கும் நிறுவனங்கள் அடிமைச் சீட்டு எழுதி வாங்குவதில்லை. ஒருவர் கட்டத் தவறினால் ஏனைய பெண்கள் அவர் வீட்டு வாசலில் அமரும்படி ஏற்பாடு செய்திருக்கின்றன. கூச்சமே ஈடு. கடனை வசூலிக்கக் கட்டாயப்படுத்துதல், மிரட்டுதல் ஆகியவற்றைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025இல் ஒரு சட்டம் இயற்ற நேர்ந்தது. பெருநிறுவனங்களின் கடனோ 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின் கீழ் பேசித் தீர்க்கப்படுகிறது. பல நேர்வுகளில் கடன் கொடுத்த வங்கிகள் பெருந்தொகையைக் கைவிட்டு ஒரு பகுதியைப் பெற்றுக்கொள்கின்றன. நவாபின் கடனை நினைவிற் கொண்டோர்க்கு இது புதிதன்று.

பழைய முறையும் முற்றும் ஒழிந்துவிடவில்லை. 2019 சூலையில் காஞ்சிபுரம், வேலூர்ப் பகுதிகளில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து குழந்தைகள் உட்பட இருளர் 42 பேரை வருவாய்த் துறையினர் மீட்டனர். அவர்களுள் சிலர் ஆயிரம் ரூபாய் அளவிலான முன்பணத்துக்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர்கள். முதியவர் ஒருவர் மீட்க வந்த அதிகாரியின் காலில் விழும் படம் நாளேடுகளில் வந்தது. நம் சேரிக்கு அடுத்தே வாழும் இருளர் மக்களின் துயரை நாம் எவ்வளவு அறிந்திருக்கிறோம் என்று இவ்விடத்தில் கேட்டுக்கொள்வதும் தகும்.

அவர்களை மீட்க உதவியது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம். 1975இல் அவசரச் சட்டமாக வந்து மறு ஆண்டு நிலைபெற்றது. முன்பணத்தின் பேரால் ஒருவர் குறைந்தபட்சக் கூலியை இழந்தாலும், விருப்பப்படி இடம்பெயரும் உரிமையை இழந்தாலும் அது கொத்தடிமை முறையே என்று அச்சட்டம் கூறும். அத்தகைய கடன் எதுவாயினும் ஆறாம் பிரிவின்படி அடியோடு அழிந்ததாகக் கருதப்படும். கோட்டம்தோறும் அமையவேண்டிய விழிப்புக் குழுவில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினரிலிருந்து மூவர் இருக்க வேண்டும். நம் ஸ்ரீபெரும்புதூர் வருவாய்க் கோட்டத்துக்கும் அது பொருந்தும். அம்மூவர் யார் என்று கோட்ட அலுவலகத்தில் கேட்டு அறிவதும், ஊரின் அ-பதிவேட்டைப் பார்த்து டி.சி. எனக் குறிக்கப்பட்ட சர்வே எண்கள் இன்று யார் பெயரில் உள்ளன எனக் குறித்து வைப்பதும் நம் இளைஞர்கள் ஓரிரு மாதங்களில் செய்து முடிக்கக்கூடிய பணிகள்.

அச்சட்டத்தின் பதினைந்தாம் பிரிவு மிகச் சிறியது. எளிதில் கண்ணில் படாது. ஒரு கடன் கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளியோ விழிப்புக் குழுவோ கூறினால், அது அவ்வாறு அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவரையே சாரும் என்பது அப்பிரிவு. திருவெண்ணெய்நல்லூர் அவையில் ஓலை காட்டியவர் பக்கம் நின்ற வழக்கு இங்கே இடம் மாறி நிற்கிறது.